எண்பதில் திறந்த வால்வு

தென்காசி வட்டாரத்து நெல் ஆலைகளில் பாய்லர் அழுத்தத்தைச் சரிபார்க்க அருமைநாயகத்தைத்தான் கூப்பிடுவார்கள். அழுத்தம் காட்டும் தன் சொந்த கேஜைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். ஆலையின் கேஜுக்குப் பக்கத்தில் அதை மாட்டி, நீராவியை ஏற்றி, முள் எண்பதைத் தொடும்போது, மிஞ்சிய நீராவியை வீறிட்டு வெளியே விடும் சேப்டி வால்வு திறக்கிறதா என்று பார்ப்பார். முந்தித் திறந்தால், வால்வின் கம்பியில் தொங்கும் இரும்புக் குண்டை வெளியே தள்ளுவார். பிந்தினால் உள்ளே இழுப்பார். இடம் சரியானதும் குண்டைத் திருகி இறுக்கி, அரத்தால் ஒரு கோடு கீறிவிடுவார். அந்தக் கோட்டை யாரும் கேள்வி கேட்டதில்லை.

மேலகரத்து ஆலையில் பாய்லருக்கு நெருப்புப் போட்டவன் அய்யாத்துரை, அருமைநாயகத்தின் தங்கை ஜெபமலரின் புருஷன். ஆலைச் சுவரை ஒட்டிய ஓட்டு வீட்டில்தான் குடியிருந்தார்கள். கைப்பிள்ளைக்கு மூன்றாம் மாதம். 1937 சாரல் காலத்தில் ஒரு பகல், பாய்லர் வெடித்தது. அய்யாத்துரையை வாழையிலையில் கிடத்தித்தான் தூக்கினார்கள்.

வால்வு பக்கத்து வயலில் கிடைத்தது. குண்டு கோட்டிலேயே இருந்தது.

"சத்தம் வராம வால்வைக் கட்டிப்போட்டிருக்கான்" என்றார் ஆலை முதலாளி நமசிவாயம்.

"எங்க வீட்டுக்காரவ அப்படிச் செய்ய மாட்டாவ. எங்கண்ணன் கைதான் தப்பியிருக்கும்" என்றாள் ஜெபமலர், ஊர் கூடி நின்ற இடத்தில்.

அவள் சொன்னதே உண்மையாக இருக்கட்டும் என்று அன்று அருமைநாயகம் சர்ச்சில் வெகுநேரம் முழங்காலில் இருந்தார். தன் தொழில் போனால் போகட்டும், செத்தவன் பெயராவது மிஞ்சும்.

தென்காசியில் வேறொரு ஆலையின் பாய்லரில் அந்த வால்வை மாட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அங்கே நெருப்புப் போடும் மைதீனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, எண்பதுல இது கத்திச்சுன்னா உம்ம மச்சான் பேரு போச்சு. கத்தலைன்னா உம்ம பொழப்பு போச்சு. எதுக்குன்னு வெறகு போட?"

"வாயை மூடிக்கிட்டுப் போடுலே."

ஜெபமலர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, நீ எதுக்கு வந்தே? வீட்டுக்குப் போ" என்றார் அருமைநாயகம்.

"என் காதால கேக்கணும்."

முள் எழுபதைத் தாண்டியது. எழுபத்தைந்து. பிறத்தியார் வேலையில் தப்புக் கண்டுபிடித்தே பழகிய கண், இன்று தன் வேலையில் ஒரு தப்புக்காகத் தவித்தது. எண்பதில் முள் நின்ற கணத்தில் வால்வு வீறிட்டது.

பிள்ளை தூக்கிவாரிப்போட்டு அலறியது. அதன் காதைப் பொத்தப் போன ஜெபமலரின் கை பாதியில் நின்றுவிட்டது. அவள் அண்ணன் காதருகே குனிந்தாள்.

"நாந்தான் சொன்னேன் அண்ணே. இந்தச் சத்தத்துல பிள்ளை பதறிப் பதறி முழிக்கு, கொஞ்ச நேரம் அடக்கக் கூடாதான்னு கேட்டேன். சரிட்டின்னு சிரிச்சுக்கிட்டே போனாவ."

நீராவி இரைச்சலில் மற்ற யாருக்கும் அது கேட்கவில்லை.

"என்ன சொல்லுதா?" என்று கத்தினார், சோதனையைப் பார்க்க வந்து தள்ளி நின்ற நமசிவாயம்.

"ஒண்ணுமில்லே. பிள்ளை பயந்துட்டு" என்றார் அருமைநாயகம்.

மேலகரத்தில் புது பாய்லர் வந்தது. அதற்கும் அருமைநாயகம்தான் கோடு கீறினார். வால்வு பார்க்கிற நாளை முன்கூட்டியே தங்கைக்குச் சொல்லி அனுப்புவார். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்து ஐந்தருவிக்குப் போய், அந்தச் சத்தம் எட்டாத தண்ணீர் இரைச்சலுக்குள் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பாள். அருவி வற்றிய பங்குனியில் ஆலைக்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் அருமைநாயகம் உடம்பு சரியில்லை என்பார். ஆலை சும்மா கிடக்கும். திட்டுவார்கள். மலையில் மழை விழுந்த சேதி வந்த பிறகுதான் கேஜைத் துணியில் சுற்றுவார்.