டாக்டர் சொன்னதும் அவர் சொன்னதும்

இங்கிலீஷில் பத்து நிமிஷம் பேசியதைத் தமிழில் இரண்டே வார்த்தையாக்கும் சாமர்த்தியம் என் கணவருக்கு உண்டு. இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். இரண்டாவது குழந்தை வயிற்றில், ஏழாம் மாதம். தொடைகள் சேரும் இடத்தில், முன்பக்க எலும்பில் வலி. குளியலறை வாசற்படியைத் தாண்டக் காலைத் தூக்கினால் உயிர் போகும். மாமியாரிடம் சொன்னேன்.

“காலை நன்னா அகட்டி உக்காந்து அரை. அப்பத்தான் பிரசவம் சுகமா ஆகும்.”

எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். ஏழாம் மாதம் பிறந்தால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆட்டுக்கல்லும், குந்தி உட்கார்ந்து தரை துடைப்பதும். மாமியாரே ஆடி ஆடித்தான் நடப்பார். மாடியேறும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றுவிட்டுத்தான் அடுத்த படி. வயசு என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் கணவர் என்னை ஒரு பார்சி டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அவரிடம்தான், இங்கிலீஷில். முட்டி இரண்டையும் ஒட்டி வைத்துக்கூடக் காட்டினார். சீட்டு எழுதிக் கொடுத்தார். தெருவுக்கு வந்ததும் கேட்டேன்.

“என்ன சொன்னார்?”

“பலஹீனமாம். டானிக் குடிக்கணும்.”

“இத்தனை நாழி பேசினது இதுக்குத்தானா?”

“ஆமாங்கறேனே!”

நம்பினேன், மடச்சி. இரண்டு மாதம் உட்கார்ந்து அரைத்தேன். பிரசவம் சுகமாகத்தான் ஆயிற்று. எழுந்து நடக்கத்தான் முடியவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரியில் மராட்டி நர்ஸ் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு ஹிந்தியில் என்னைத் திட்டினாள். குழந்தைக்கு வழிவிட இடுப்பெலும்பு மூட்டுகள் தளருமாம். எனக்கு அளவுக்கு மீறித் தளர்ந்துவிட்டதாம். குந்தக் கூடாது, காலை அகட்டக் கூடாது, இடுப்பைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும், எல்லாம் இதில் எழுதியிருக்கிறதே, வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லையா என்றாள். சிலருக்கு இது வயசான பிறகும் விடாது என்றாள்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவரை, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன்.

“அந்த எடத்தையெல்லாம் அம்மாகிட்ட எப்படிடீ சொல்றது? அசிங்கமா இருக்காதா?”

அசிங்கமாம்! அங்கிருந்துதான் அவருக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அவரும் அங்கிருந்துதான் வந்தார்.

நாற்பது நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமியார் அவருக்குச் சாதம் போட்டுக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, எந்த எலும்பு, எந்த இடம், டாக்டர் என்ன சொன்னார், இவர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“நேக்கும் அங்கதான்,” என்றார் மெதுவாக. “இவன் பொறந்ததுலேர்ந்து. வெளில சொல்ல வெக்கம்.”

கணவர் இலையைப் பார்த்தபடியே மோர் கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.