சித்தி வீட்டில் வளர்ந்த பூனை

எங்கள் முதல் பூனைக்குட்டி வாந்தியும் பேதியுமாகக் கிடந்து செத்தபோது நான் ஆறாம் வகுப்பு படித்தேன். வீடு ரமணாசிரமத்துக்குப் பின்னால். அழுது முடிப்பதற்குள் இன்னொரு குட்டி வேண்டுமென்று அடம்பிடித்தேன். மாட்டு டாக்டர் ஒப்பவில்லை.

“தொத்து நோய்மா அது. கிருமி வீட்ல ரொம்ப நாள் இருக்கும். புதுக் குட்டிக்கு ஊசியெல்லாம் போட்டு முடியற வரைக்கும் உங்க வீட்டுப் பக்கமே கொண்டாராதீங்க.”

அப்பா பூனை படுத்த சாக்கையும் என் பழைய பாவாடையையும் கொளுத்தினார். அம்மா பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, நெடி மூக்கில் ஏறும்படி வீடு முழுக்கத் தேய்த்தாள். கீழ்பென்னாத்தூரில் தெரிந்தவர் வீட்டில் கிடைத்த சாம்பல் நிறக் குட்டி, நேராக வேங்கிக்காலில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனது. ஊசிகள் முடியும்வரை அங்கேதான் வளர வேண்டும்.

என் துணியிலும் செருப்பிலும் கிருமி ஒட்டியிருக்கலாம் என்பதால் நான் அதைத் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு வண்டியில் போய், கேட்டுக்கு வெளியே நின்று என் பூனையை நானே வேடிக்கை பார்த்துவிட்டு வருவேன். என்னைவிட ஒரு வயது சின்னவளான சித்தி மகள் அதை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். அது அவள் சடை நுனியைக் கடித்து விளையாடும். எனக்கு வயிறு எரியும்.

“ரொம்பத் தூக்கிப் பழக்காதடி. அது என் பூனை.”

“தெரியும்க்கா,” என்பாள், கீழே விடாமலே.

ஊசி போட்டுவந்த அன்று அது அவள் கழுத்தோரம் முகத்தைப் புதைத்துத் தூங்கியதாகச் சித்தி போனில் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அண்ணாமலையார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஒருநாள் சித்தி கூடையோடு வந்து இறங்கினாள். மகள் ஸ்கூட்டியை விட்டு இறங்கவே இல்லை.

“பேரு என்னடி வெச்சே?” என்று கேட்டேன்.

“எதுவும் வெக்கலக்கா. நீயே வெச்சிக்கோ.”

ராணி என்று வைத்தேன். எத்தனை முறை கூப்பிட்டாலும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

சில நாள் கழித்து அம்மா சித்தியோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் எட்டிப் பார்த்த சித்தி மகளின் கண்ணில், அம்மாவுக்குப் பின்னால் கட்டிலடியில் நீட்டிக்கொண்டிருந்த வால் பட்டுவிட்டது போலும்.

“சிட்டு!”

கட்டிலடியிலிருந்து பாய்ந்து வந்த குட்டி, போனை முகர்ந்து முகர்ந்து கத்தியது. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பேரு வெக்கலன்னு சொன்னியே?” என்றேன்.

“சும்மா கூப்டேன்க்கா. ராணிதான் நல்ல பேரு.” குரல் ஒரு மாதிரி இருந்தது.

போனை வைத்ததும், “பாத்தியாம்மா, எவ்ளோ பெரிய பொய்க்காரி!” என்றேன்.

எனக்குச் சேர வேண்டிய எதையோ அவள் ஒளித்து வைத்துக்கொண்டாள் என்று நினைத்துப் பல நாள் அவளோடு பேசவில்லை. பூனையோடு, தான் ஆசையாய் வைத்த பெயரையும் சேர்த்துத்தான் அவள் எனக்காக விட்டுக்கொடுத்திருந்தாள் என்று புரிகிற வயது எனக்கு அப்போது வரவில்லை.