மஞ்சள் குளிசையும் ஒரு கதிரையும்

வலது காலின் பெருவிரலை எடுக்கவேண்டி வரலாம் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால், கனடாவில் இருக்கும் தங்கச்சி அனுப்பிய பெட்டி வாசலில் இருந்தது. உள்ளே முழுக்க, சமையல் மஞ்சளில் செய்த மஞ்சள் குளிசைப் போத்தல்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. விரல் போகப்போகிறது, இவள் குளிசை அனுப்புகிறாள்.

நான் மீன் வெட்டிக் காயப்போடுகிற கருவாட்டு வாடியில் திருக்கை முள் ஏறிய விரல் அது. நான் சீனி வருத்தக்காரி. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வழக்கம்போல உப்புத் தண்ணீரில் நின்று மீன் கழுவினேன். வலிக்கவேயில்லை. வலிக்காததுதான் மோசம் என்று எனக்கு அப்போது தெரியாது. புண் மூடவில்லை.

தங்கச்சி போனில் முகம் காட்டி விளக்கினாள்.

"அக்கா, உங்கட உடம்புக்குள்ளயே புண்ணை ஆத்துற நொதியங்கள் இருக்கு. அதுகள் நித்திரையில கிடக்குது. இந்தக் குளிசை போய் எழுப்பிவிடும்."

"என்ட உடம்புக்குள்ள நித்திரை கொள்ளுற ஆக்களும் இருக்கினமோ? இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

"பகிடி விடாதேங்கோ. இஞ்ச எல்லாரும் போடீனம்."

நான் போடவில்லை. ஆனால் என் மனுசன் சும்மா இருக்கவில்லை. அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவர். விழுங்கினால் வயிற்றுக்குத்தானே போகும், காலுக்கு எப்படிப் போகும் என்று அவருக்கு ஒரு கணக்கு. நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் குளிசைகளை உடைத்து, தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, புண்ணில் அப்பிவிட்டார்.

அடுத்த முறை கிளினிக்கில், புண்ணுக்கு மருந்து கட்டுகிற தாதி மிஸ்ஸி துணியை அவிழ்த்தவுடனேயே கத்தினா.

"இதென்னம்மா, காலோ கறிச்சட்டியோ?"

மனுசன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸி எல்லாவற்றையும் கழுவித் துடைத்தா. மஞ்சளுக்குக் கீழே ஒரு பக்கம் சீழ் வைத்திருந்தது. டொக்டர் வந்து பார்த்து, சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசியை நேரத்துக்குப் போடச் சொன்னார். குளிசைப் போத்தலையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு இதைத் தொடவேண்டாம் என்றார்.

"வாடிக்குப் போறீங்களோ?" என்று மிஸ்ஸி கேட்டா.

"போகாமல்?"

"நிண்டா விரல் போகும். கதிரையில காலைத் தூக்கி வச்சுக்கொண்டு இருங்கோ."

நான் இருந்து பழகாதவள். சாப்பாட்டையே நின்றுகொண்டு முடிக்கிறவள். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, ஒன்றில் நானும் மற்றதில் காலுமாக இருந்தபோது யாரோ என்னைக் கட்டிப்போட்டதுபோல ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது? துறைமுகத்தைத் திட்டினேன். அது அசையவில்லை.

எங்கள் வாசலுக்கு நேரே உள்துறைமுகம். கோதுமை இறக்கிய கப்பல் ஒன்று வெறும் வயிற்றோடு உயர்ந்து நிற்கும். மத்தியானத்தில் தண்ணீரின் வெளிச்சம் எங்கள் முகட்டில் வந்து நெளியும். எங்கள் ஊரில் மாடுகள்போலத் தெருவில் திரிகிற மான்களில் ஒன்று படலைக்குள் தலையை நீட்டி, தங்கச்சி அனுப்பிய பெட்டியின் மட்டையை மெதுவாகச் சப்பும். அது தாடையை அசைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் செருகும். பிறகு கப்பல் எது, முகடு எது என்று தெரியாது.

அப்படி ஒரு மத்தியானம் என் காலுக்குள்ளேயே இறங்கிவிட்டேன். அங்கேயும் ஒரு வாடி. வெளிச்சம் சிவப்பாக இருந்தது. பெண்கள் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கிழிந்த வலைபோல எதையோ தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நித்திரையில் இல்லை.

"நீங்கள்தானே அந்த நித்திரை கொள்ளுற ஆக்கள்?" என்று கேட்டேன்.

ஒருத்தி நிமிராமலே சொன்னாள். "நாங்கள் தைக்கிறம், நீ நடந்து பிய்க்கிறாய். கொஞ்சம் இரு பாப்பம்."

என்னுடைய குரல்தான். அதே கடுகடுப்பு. விழித்தபோது மான் போய்விட்டிருந்தது. மட்டையில் பாதியும் போய்விட்டிருந்தது.

அதற்குப் பிறகு கதிரையிலேயே இருந்தேன். ஊசியை நேரத்துக்குப் போட்டேன். மழை வந்து போனது, கப்பல் மாறி வேறு கப்பல் வந்தது. கடைசியில் ஒரு நாள் மிஸ்ஸி விரலை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தா. "இது உங்களோடதான் இருக்கப்போகுது."

அன்று பின்னேரமே தங்கச்சி போன் எடுத்தாள். அவள் அந்தக் குளிசையை அங்கே விற்கிறாள் என்று அப்போதுதான் சொன்னாள்.

"முதல் நீங்கள் அனுப்பின புண் படம் என்னட்ட இருக்கு அக்கா. ஆறின காலையும் எடுத்து அனுப்புங்கோ. ரெண்டையும் பக்கத்தில போட்டா சனம் நம்பும்."

"நான் அதை விழுங்கவே இல்லையடி."

"அத்தான் பூசினவர்தானே?"

"அதைக் கழுவின பிறகுதான் மிஸ்ஸி சீழையே கண்டவ."

"ஒரு படம்தானே அக்கா..."

"மூதூரில என்னை மாதிரி ஒருத்தி அந்தப் படத்தைப் பாத்திட்டு ஊசியை விட்டா, அவளின்ட காலுக்கு நீ பொறுப்போ?"

நான் போனை வைத்துவிட்டு, காலை வைத்திருந்த கதிரையைப் படம் எடுத்து அனுப்பினேன். குதிக்கால் பட்டுப்பட்டு நடுவில் மினுங்கிப் போயிருந்தது.

"இதென்ன?" என்று எழுதினாள்.

"மருந்து. இதைப் போடு."

பிறகு வந்தது: "வாடிக்குச் செருப்பில்லாமல் போகாதேங்கோ."

மூடிய சப்பாத்து வாங்கினேன். வாடிக்குத் திரும்பிய அன்று கதிரையையும் ஓட்டோவில் ஏற்றினேன். "மகாராணி சிம்மாசனத்தோட வாறா" என்று பெண்கள் கத்தினார்கள். கத்தட்டும். காய்கிற திருக்கைகளுக்கு நடுவில் கதிரையைப் போட்டு, இருந்துகொண்டே மீன் வெட்டினேன்.