கவிச்சி இல்லீங்க

பனிக்கடலுக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் ஒரு காலத்தில் நான் இருந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. அங்கிருந்து எண்ணெய் வந்தது, இங்கே வாய் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு பழைய பைக் வைத்திருக்கிற ஆள் தேவைப்பட்டான். கள்ளக்குறிச்சியில் அப்போது வேலையில்லாமல் திரிந்த பட்டதாரிகளில் பேச்சு ஜாஸ்தி உள்ளவன் நான்தான் என்று யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

அது ஒரு மருத்துவ ஆராய்ச்சி. வடதுருவத்துப் பக்கம், வருஷத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கிற கடலோரத்தில் வாழும் ஜனங்கள் கொழுத்த மீனையும் சீல் என்கிற கடல்மிருகத்தையும் தின்றே வளர்கிறார்கள். அவர்களுக்கு மாரடைப்பு கம்மி என்று வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் இல்லை என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. சரி, கடல்மீனை அதிகம் பார்க்காத மலை ஜனங்களுக்கு அந்த மீன் எண்ணெயைக் கொடுத்தால் ரத்தத்தில் என்ன மாறுகிறது, பார்ப்போம் என்று கிளம்பியதுதான் இது. பாதிப் பேருக்கு மீன் எண்ணெய், மீதிப் பேருக்கு வெறும் சமையல் எண்ணெய். இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொண்டுபோய்க் கொடுக்கிற எனக்கும் தெரியாது.

பயிற்சி கொடுத்த டாக்டர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒப்புதல் படிவத்தை வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும். மீன் எண்ணெய் என்ற வார்த்தையை விட்டுவிடக் கூடாது. புரிந்ததா என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். நான் எல்லோரையும் விட வேகமாகத் தலையாட்டினேன்.

கரியாலூரைத் தாண்டி முதல் ஊர். படிவத்தில் ‘வடதுருவப் பெருங்கடல் மீன்’ என்று இருந்தது. இதை யார் புரிந்துகொள்வார்கள் என்று எனக்குள் இருந்த அறிவாளி விழித்துக்கொண்டான். “ஐஸ் கடல் மீனுங்க” என்று எளிமைப்படுத்தினேன்.

கூட்டத்தில் எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். எங்கள் பக்கத்தில் ஐஸ் மீன் என்றால் வேறு அர்த்தம் என்பது எனக்கு அந்த நொடியில்தான் ஞாபகம் வந்தது. கடலூரில் விற்காமல் போனதை ஐஸ் பெட்டியில் அடுக்கி, டிவிஎஸ் வண்டியில் ஊர் ஊராக விற்றதுபோக, செவுள் வெளுத்து மலையடிவாரத்துக்கு வந்து சேர்கிறதே, அதுதான் ஐஸ் மீன். வாங்கினவர்களை நாலு நாள் கிண்டல் செய்வார்கள்.

“ஐஸ் மீனா?” என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்.

“ஐஸ் மீன் இல்லீங்க, ஐஸ் கடல். அங்க கடலே ஐஸா கீதுங்க.”

“கடலே ஐஸா கீதா? அப்ப அந்த மீனு செத்து எத்தினி வருசம் ஆவுது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “கோமுகி டேமுல துள்ளிக்கினு இருக்கறதையே நாங்க செவுளத் தூக்கிப் பாத்துதான் வாங்கறோம். நீ இன்னா, அழுவன மீன மாத்திரை பண்ணிக்கினு வந்துகீற” என்று ஒரு அம்மா எழுந்து போனார். அவரோடு ஊரும் எழுந்து போனது. ஒரு கையெழுத்துகூட விழவில்லை. ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து, அடுத்த வாரத்துக்குள் எத்தனை பேர் என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் மேலே இன்னொரு ஊர். ஊர் என்றால் சரிவில் ஏழெட்டு வீடு, சுற்றிலும் சாமையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும். நான் பாடம் கற்றுக்கொண்டிருந்தேன். மீன் என்ற வார்த்தை வருகிற வரியில் எனக்கு இருமல் வந்தது. “சத்து எண்ணெங்க. உடம்புக்கு நல்லது” என்றேன். நான்கு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒரு கணவன் மனைவி. நான் சொல்ல வந்தது அந்த மனைவியைப் பற்றித்தான். வயது ஐம்பதுக்குள் இருக்கும், அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

கட்டைவிரலில் மை தடவியதும் அக்கா கையைப் படிவத்துக்கு மேலே அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“தம்பி, இதுல கவிச்சி எதுனா கீதா?”

கவிச்சி என்றால் கறி, மீன், கருவாடு, முட்டை எல்லாம்தான்.

“ஏங்க்கா?”

“எம் பொண்ணுக்கு ரெண்டு தபா வயித்துல தங்கல. இப்ப ஆறாம் மாசம், இங்கதான் கீறா. கொழந்த நல்லபடியா பொறக்கற வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன்னு சாமிக்கு வேண்டிக்கினு உட்டுட்டேன். அதான் கேக்கறேன்.”

வாசலில் அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள். ‘கீதுங்க்கா, நீங்க சேர வேணாம்’ என்று சொன்னால் முடிந்தது. ஒரு படிவம் கம்மியாகும், அவ்வளவுதான். ஆனால் என் மூளை அந்த நேரத்தில் கணக்குப் போட்டது. பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய்தானே போகிறது? இந்த அக்காவுக்கு வெறும் எண்ணெயே விழலாம். அப்படியென்றால் நான் சொல்வது பாதிப் பொய். பாதிப் பொய்யைப் பெரிய மனிதர்களே சொல்கிறார்கள்.

“கவிச்சி இல்லீங்க” என்றேன்.

விரல் இறங்கியது.

அடுத்த மாதம் போனேன். ரத்த அழுத்தம் பார்ப்பது, டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவது, பிறகு வரிசையாகக் கேள்விகள். தலைசுற்றல் உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, ஏப்பம் உண்டா. ஏப்பம் என்றதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கணவர் தண்ணீர் மொள்ள நகர்ந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தம்பி, நீ டாக்டரு மாதிரி, உங்கிட்ட சொல்றதுல தப்பில்ல. ஏப்பம் வுட்டா மீனு வாசன வருது.”

பேனா மூடியைக் கழற்றி, மறுபடியும் மூடினேன்.

“நான் வாயால தொடலப்பா. மனசுக்குள்ள எங்கியோ ஆச கீது போல. சாமி காட்டிக் குடுக்குது. இவருகிட்ட கூடச் சொல்லல, வெக்கமா கீது.”

வெட்கப்பட வேண்டியவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். அவன் என்ன செய்தான் என்றால், படிவத்தில் ‘ஏப்பம்’ என்ற கட்டத்தில் ‘லேசானது’ என்று எழுதினான். பிறகு, “அதெல்லாம் வர்றதுதாங்க்கா, போகப் போகச் சரியாயிடும்” என்று ஆறுதல் வேறு சொன்னான். இந்த இடத்தை எழுதும்போது ‘நான்’ என்று எழுதக் கை வரவில்லை. நான்தான்.

இறங்கி வரும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். கச்சிராயபாளையம் வந்ததும் பரோட்டா சாப்பிட்டேன். மனசாட்சி என்னோடு எப்போதும் பாதி வழி வரைக்கும்தான் வரும்.

அதற்கடுத்த மாதம் போனபோது அக்காவின் ரவிக்கை தோளில் தொங்கியது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். அழுத்தம் ரொம்பக் கீழே இருந்தது. கருவியைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதேதான்.

“சாப்புடறீங்களாக்கா?”

“ஒரு வேள சாப்புடறேன். மனசு அடங்கணுமே. காத்தால சுனைத்தண்ணில தலைக்கு ஊத்திக்கறேன். ஆனாலும் அந்த வாசன போவல தம்பி.”

உள்ளேயிருந்து மகள் கத்தினாள். “அதுமட்டுமா? எனுக்கு நாக்கு செத்துப் போச்சு சார். ஒரு துண்டு கருவாடு கேட்டேன். வூட்டுலயே அந்த வாசன கூடாதாம். அம்மாவுக்கு ஆச ஜாஸ்தி ஆயிடுமாம். சந்தைக்குப் போனா கருவாட்டுக்காரம்மா பக்கமே திரும்ப உட மாட்டுது.”

மீன் தின்றால் ஜனங்களுக்கு நல்லதா என்று கண்டுபிடிக்க வந்த ஆராய்ச்சியில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கருவாடு கிடைக்காமல் செய்திருந்தேன். அவள் அம்மாவைப் பட்டினி போட்டிருந்தேன். இவ்வளவையும் ஒரே வார்த்தையில்.

பட்டையைக் கழற்றினேன். எழுந்திரிக்கும்போது அக்கா தள்ளாடிச் சுவரைப் பிடித்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அக்கா, அந்த மாத்திரை மீனு எண்ணெங்க.”

சுற்றி வளைத்து எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான். திண்டாடி மிச்சத்தையும் சொன்னேன். பாதிப் பேருக்கு என்பது, வாசனை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அதுதான் என்பது, எனக்கு அன்றைக்கே தெரியும் என்பது.

அவருடைய கணவர்தான் முதலில் பேசினார். “அப்ப எனுக்குக் குடுத்தது இன்னா? எனுக்கு ஒரு ஏப்பம்கூட வர்லியே?”

“உங்களுக்கு வெறும் எண்ணெயா இருக்குங்க.”

“ரெண்டு மாசமா டூப்ளிகேட்டா!” அவருக்கு அதுதான் பெரிய குறை.

அக்கா சுவரைப் பிடித்தபடி மெல்லக் கீழே உட்கார்ந்தார். திட்டு விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டேன். அவர் நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“அப்ப என் மனசுல ஆச இல்ல.”

“இல்லீங்க்கா.”

“நானு கெட்டவ இல்ல.”

“இல்லீங்க்கா.”

“அடியே,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “நாளைக்குச் சந்தைல கருவாடு வாங்கிக்கடி.”

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். “ஏம்பா, கீதுன்னு சொல்லியிருந்தா நானு வேணாம்னு இருப்பேன். உனக்கு இன்னா நட்டம்?”

பேச்சு ஜாஸ்தி உள்ளவன் என்று சிபாரிசு பெற்றவன் பட்டையைச் சுருட்டிப் பையில் வைத்தான்.

“எத்தினி நாளு துன்ன வெச்சே?”

டப்பாவைக் கவிழ்த்து மிச்சத்தை எண்ணி, போன நாட்களிலிருந்து கழித்துச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு நாலு நாள் குறைந்தது.

“அந்த நாளெல்லாம் என் விரதத்துல ஓட்ட. எம் பொண்ணுக்கு நாளு கம்மியா கீது, நானு திரும்ப மொதல்லர்ந்து இருந்தா பத்தாது. நீ அடைச்சுக் குடு. கொழந்த பொறக்கற வரைக்கும் நீயும் கவிச்சி உடு. ரெண்டு பேரு இருந்தா சாமி சேத்துக் கணக்கு வெச்சுக்கும்.”

அதில் கோபம் இல்லை. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். “சரிங்க்கா” என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன். அதை நம்ப யாரையும் கேட்கும் தகுதி எனக்கில்லை.

அக்காவின் அலுவலகப் படிவத்தில், அவர் ஆராய்ச்சியிலிருந்து விலகியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. ‘சொந்த விருப்பம்’ என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் பத்து நாள் இருந்தேன். வீட்டில் என் மனைவி ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை மூடி வைத்துவிட்டு, “இன்னா புதுசா பக்தி?” என்று கேட்டபோது ஒரு சாமியாரைப் போலச் சிரித்தேன். பதினோராம் நாள் திருநாவலூரில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்று கையால் மறைத்தால் அடுத்த இலைக்குப் போயிருப்பார்கள். கறி இலையில் விழுந்தது. நான் மறைக்கவில்லை. ஒரு நாள்தானே என்றேன். அதற்கப்புறம், உடைந்தது உடைந்துவிட்டது, இனி இருந்தென்ன என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி மூடி வைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அக்கா அழுதுகொண்டே சிரித்தார். “நீ வாயக் கட்டினது வீண் போவலப்பா. தீட்டு கழியட்டும், வந்து விரதத்த முடிச்சுக்க. அதுவரைக்கும் பொறுத்துக்கினு இரு.”

அப்போது சொல்லியிருக்கலாம். போனில் முகம்கூடத் தெரியாது. “சரிங்க்கா” என்றேன், மறுபடியும்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மூன்று முறை கூப்பிட்ட பிறகு போனேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். அதன் அம்மா, “சார்தான் உனக்காக மீனு துன்னாம இருந்தாரு” என்று அதனிடம் சொன்னாள். குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்த வீட்டில் அதற்கு மட்டும் தெரிந்திருந்தது போலிருந்தது.

நாட்டுக்கோழி அடித்திருந்தார்கள். எனக்கு மட்டும் இலை போட்டார்கள்.

“நீங்களும் உக்காருங்க்கா.”

“நீ மொதல்ல. நடுவுல வந்து சேந்தவன், உனக்குப் பழக்கம் இல்ல. நீ வாயில வெச்ச பிறகு நானு வெக்கறேன்.”

அவர் வேண்டிக்கொண்ட நாளிலிருந்து தெரிந்து ஒரு துண்டு தொடாதவர். முந்தின நாள் ராத்திரிகூட நான் முட்டை தின்றிருந்தேன். எனக்கு எதிரில் குந்தி, நான் முதல் கவளம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் கழித்துச் சாப்பிடுகிறவன் எப்படிச் சாப்பிடுவான் என்று யோசித்தேன். மெதுவாகவா, அவசரமாகவா? அவசரமாகத்தான் இருக்கும் என்று அவசரமாகச் சாப்பிட்டேன்.

“பாவம், எப்பிடிக் காஞ்சு போய்க் கெடந்துகீது பாரு” என்றார் கணவரிடம். பிறகு என்னிடம், “ரொம்ப கஷ்டமா இருந்துதா தம்பி?”

வாய் நிறைய இருக்கிறது, பேச முடியாது என்று கையைக் காட்டினேன். அக்கா இன்னொரு துண்டு எடுத்து இலையில் வைத்தார்.