எம்.பி. தொட்டிக் கீரை

எதையும் மூன்று முறை கேட்டுவிட்டுச் செய்கிற நான், அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி மட்டும் ஏன் யாரிடமும் கேட்கவில்லை? மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும் முன் சீட்டை இரண்டு தடவை படித்து, மருந்துக் கடைக்காரருக்கும் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறவள் நான். இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

காரைக்குடியில் எங்கள் வாடகை வீட்டின் பின்புறம் முழுக்க சிமெண்ட் தளம். கீரை விதை தூவக்கூட மண் கிடையாது. என் கணவர் தேவகோட்டை சாலையில் ஒரு டைல்ஸ் கடையில் மேற்பார்வை பார்க்கிறார். டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி லாரியில் ஏற்ற, அடியில் வைக்கும் மரச் சட்டத்துக்குக் கடையில் பேலட் என்று பெயர். சரக்கு இறங்கியதும் அவை மழையில் கிடந்து கறுத்துப் போகும். நான்கைக் கேட்டு வாங்கி, குட்டியானை என்கிற சிறிய சரக்கு வண்டியில் கொண்டுவரச் செய்தேன்.

மாமியார் பின்வாசலில் நின்று பார்த்தார்.

"ஏத்தா, விறகுக் கடை வைக்கப் போறியா? எம்.ஏ. படிச்ச பிள்ளை செய்யிற வேலையா இது?"

"விறகு இல்ல அத்தை, தோட்டம்."

"தோட்டமாம்ல. மொதல்ல கரையான் வரும். அதுக்குப் பின்னால பாம்பு வரும். பாத்துக்க."

மகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் வேலை செய்தேன். பேலட்டில் அடித்திருப்பது முறுக்கு ஆணி; பிடுங்க வராது. பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இரும்பறுக்கும் ரம்பத்தை விட்டு ஆணியையே அறுக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கு நான்கு தொட்டிகள் செய்தேன். உள்ளே சிமெண்ட் சாக்கை விரித்து, மண், தேங்காய் நார்த்தூள், ஆட்டுப் புழுக்கை எல்லாம் கலந்து கொட்டினேன்.

மூன்று தொட்டிகளில் எழுத்து எதுவும் இல்லை. நான்காவதில் மட்டும் சூடு போட்டதுபோல் கறுப்பாக ஒரு முத்திரை. சில எண்கள், அவற்றோடு எம், பி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்.

எங்கள் பக்கத்தில் பெயர் வெட்டாத பாத்திரத்தை யாரும் புழங்க மாட்டார்கள். என் சீர்ப் பாத்திரங்களில், இட்லிப் பானை முதல் கரண்டி வரை, என் தலைப்பெழுத்துகள் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. விசேஷ வீட்டுக்கு இரவல் போன அண்டா சரியாகத் திரும்பி வருவதே அந்த எழுத்தை வைத்துத்தான். அதனால் பலகையில் எழுத்தைப் பார்த்ததும், யாரோ ஒரு முதலாளியின் பெயர் என்று என் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது.

கணவர் சிரித்தார். "எம்.பி. வீட்டுக் கட்டையா? அப்பக் கீரை தொகுதி நிதியில வளருதுன்னு சொல்லு."

நான்கு வயது மகள் அதற்கு எம்.பி. தொட்டி என்றே பெயர் வைத்துவிட்டாள். அந்தத் தொட்டியில்தான் அரைக்கீரை செழித்து வந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் பருப்போடு கடைந்து அவளுக்கு ஊட்டினேன். மூன்று மாதம் ஊட்டினேன்.

சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அழைத்தான். பெருமையாகத் தொட்டிகளைக் காட்டிக்கொண்டே வந்தேன்.

"அக்கா, இங்குட்டுத் திருப்பு. அந்த முத்திரையைக் கிட்டக்கக் காட்டு." காட்டினேன். "அதுல என்ன வளக்குற?"

"அரைக்கீரை."

"சாப்பிடுறீகளா?"

"ஆமா. ஏன், அது யாரோ முதலாளி பேருதானே?" என்றேன்.

"அது பேரு இல்லக்கா. மெத்தில் புரோமைடு. மரத்துல பூச்சி இருந்து ஊரு விட்டு ஊரு வரக்கூடாதுன்னு அடிக்கிற விஷப் புகை. எச்.டி.ன்னு போட்டிருந்தா வெறும் சூடு காட்டுன கட்டை, அது பரவாயில்ல. இதுல போயி..."

மறுநாள் காலையில் குழந்தை மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் மகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "பிள்ளை நல்லா இருக்கு. அந்தப் புகை இவ்வளவு நாள் கட்டையில தங்காதும்மா. இனிமே அதுல சாப்பாட்டுச் செடி வைக்காதீக, போதும்."

"ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா டாக்டர்?"

மூன்றாவது முறையாகக் கேட்டபோது சொன்னார்: "பிள்ளைக்கு வேணாம். உங்களுக்கு வேணா எடுப்போம்."

வீட்டில் மாமியார் காத்திருந்தார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல? எல்லாத்தையும் அள்ளி வெளிய போடு." கணவரும் சேர்ந்துகொண்டார். "விட்டுரு. சந்தையில நாலு கட்டு வாங்கிக்கிருவோம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் 'சரி அத்தை' என்பதுதான் என் வாயில் முதலில் வரும். அன்றைக்கு வரவில்லை.

"சந்தைக் கீரையில எத்தனை தடவை மருந்தடிச்சாகன்னு யாராச்சும் முத்திரை குத்தி விக்கிறாகளா அத்தை? இந்தக் கட்டையாச்சும் சொல்லுச்சு. நாந்தான் படிக்கல. இனிமே படிப்பேன். தோட்டத்தை எடுக்க மாட்டேன்."

"வாயி நீளுது," என்றபடி மாமியார் உள்ளே போய்விட்டார். நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

எம்.பி. தொட்டியை அன்றே பிரித்தேன். எழுத்தே இல்லாத மூன்றையும் நம்ப மனம் வரவில்லை. அவற்றில் இப்போது பூச்செடிகள். பிறகு நானே டைல்ஸ் கடைக்குப் போய், குவியலில் ஒவ்வொரு பேலட்டாகப் புரட்டிப் படித்தேன். சுமை இறக்குகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னக்கா, கட்டைக்கு ஜாதகம் பாக்குறீகளா?"

"ஆமாண்ணே. பொருந்துனாத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

எச்.டி. முத்திரையோடு மூன்று கிடைத்தன. மீண்டும் கீரை வந்தது. முதல் அறுவடையை நான் மட்டும் சாப்பிட்டு, இரண்டு நாள் பொறுத்து, அதன் பிறகே மகளுக்குக் கொடுத்தேன். மாமியார் இன்னும் அதைத் தொடுவதில்லை.

மிச்சமிருப்பது எம்.பி. தொட்டியைப் பிரித்த ஒன்பது பலகைகளும், மூன்று சாக்கில் கட்டி வைத்திருக்கும் அதன் மண்ணும்தான். எரித்தால் அந்தப் புகை நல்லதில்லை என்கிறான் தம்பி. டீக்கடைக்காரர் அடுப்புக்குக் கேட்டார், கொடுக்க மறுத்துவிட்டேன். குப்பை வண்டியில் மரம் ஏற்ற மாட்டார்களாம். பிரித்த பலகையைக் கடையில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். செருப்பு வைக்கும் அலமாரியாகச் செய்யலாமா? குழந்தை கை வைக்கிற இடமாயிற்றே. அந்த மண்ணில் பூச்செடியாவது வைக்கலாமா, அதுவும் கூடாதா? உங்களில் யாராவது இப்படிப்பட்ட பலகையை வைத்துக்கொண்டு தவித்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். தோட்டத்தை விட்டுவிடு என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.