தோளில் இல்லாத பட்டை

காலை ஆறு பத்துக்கு என் இரண்டு வயது மகள் வாந்தி எடுத்தாள். உதடு வெளுத்து, உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. போதை ஊசிப் பழக்கத்திலிருந்து மீள மாத்திரை எடுத்துவரும் என் தம்பியின் பாயில்தான் முந்தைய இரவு அவள் தூங்கியிருந்தாள். அந்த மாத்திரை குழந்தை வாயில் போனால் உயிருக்கே ஆபத்து.

"ஏனுங் தம்பி, மாத்திரையக் கீழ போட்டுட்டீங்களா?" என்று என் மனைவி அலறினாள்.

"பொட்டி பூட்டித்தான் இருக்குதுங்க அண்ணி" என்றவன், சட்டென்று தன் தோளைத் தடவினான். பீடியை நிறுத்துவதற்காக டாக்டர் கொடுத்திருந்த, தோல் வழியே மருந்து இறங்கும் நிக்கோடின் பட்டை அங்கே இல்லை. தூக்கத்தில் உரிந்து குழந்தையின் முதுகில் ஒட்டியிருந்தது.

அதை உரித்து, அவள் முதுகைத் தண்ணீரால் கழுவி, எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறையிலிருந்து மருத்துவமனைக்கு ஓடினோம். மாலையில்தான் அவள் பால் கேட்டாள்.

"இந்தக் கருமமே வேண்டாங்க. பீடியவே குடிச்சுட்டுப் போகட்டும்" என்றாள் மனைவி. பட்டையை நிறுத்த வேண்டாம், பத்திரமாக வைத்தால் போதும் என்றார் டாக்டர்.

இப்போது புதுப் பட்டைகளையும் மாத்திரையோடு வைத்துப் பூட்டுகிறோம். கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குழந்தைக்கு எட்டாத குப்பையில் போடுகிறோம். தம்பி பட்டையின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தனி அறையில் படுக்கிறான்.

அவன் இன்றுவரை பீடியைத் தொடவில்லை.