நின்றபடியே சொல்லிவிடும் ஏஜெண்டு

இன்சூரன்ஸ் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நாற்பது வயது வரை நம்பிய படிப்பாளி நான். அந்த மூடத்தனத்தைப் போக்கியவர், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் பாலிசி பிடித்து வந்த ஒரு ஏஜெண்டு. கொளுத்தும் வெயிலிலும் கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு, ஒட்ட வெட்டிய மீசை. நாற்காலி போட்டாலும் உடனே உட்காரமாட்டார்.

“சார், நான் மோசடி கேசுல வேலூர் ஜெயில்ல இருந்தவன். இஷ்டமிருந்தா உக்காரச் சொல்லுங்க” என்பார்.

உட்காரச் சொன்னேன்.

பாலிசிக்குக் கையெழுத்துப் போட வேலூர் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன அன்று, அதிகாரி என் முன்னாலேயே கூட வந்த ஏஜெண்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஜெயிலுக்குப் போனது தெரிஞ்சுதானய்யா ஏஜென்சி குடுத்தோம்? அத ஏன் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறே? எவன் கேட்டான் உன்ன?”

“மோசடி பண்ணப்பவும் யாரும் கேக்கல சார். அதனாலதான் என்கிட்ட ஏமாந்தாங்க.”

“இனிமே சொல்லமாட்டேன்னு சொல்லு. இல்லாட்டி ஏஜென்சி பைய வெச்சிட்டுப் போ.”

அவர் பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதிகாரி காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வீடு வரும்வரை உடம்பெல்லாம் எரிந்தது. மோசடி செய்தவனைச் சேர்த்துக்கொள்வார்களாம், அதை ஒளிக்காமல் சொல்பவனைத் துரத்துவார்களாம். இவர்களிடம் ஊர் தன் உயிரை நம்பிக் கொடுக்க வேண்டுமாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த அதிகாரியைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

மனைவி வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இவ்ளோ கேட்டிருக்கீங்களே, அதுக்கு அந்த ஆபீசர் இன்னா சொன்னாரு?” என்றாள்.